டென்மார்க்கில் விளையாட்டு: ஸ்டேடியத்துக்கு முன்னால் ஊர்ச் சங்கம்

கேள்வி இதுதான்: "சுமார் 60 லட்சம் பேர் வாழும் டென்மார்க் கால்பந்து, ஹேண்ட்பால், பேட்மிண்டன், சைக்கிள் பந்தயம் என்று இத்தனை விளையாட்டுகளில் எப்படி முன்னணியில் இருக்கிறது? அந்த மக்களின் பண்பாட்டில் விளையாட்டுக்கு என்ன இடம்? நமக்குக் கிரிக்கெட் மாதிரி அவர்களுக்குக் கால்பந்தா?"

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பாதி ஆமாம். அதிகம் பேர் ஆடுவதும் அதிகம் பேர் பார்ப்பதும் அங்கே கால்பந்துதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட்டின் ரசிகர்கள். கிளப்பில் பெயர் கொடுத்து, சந்தா கட்டி, வாரம் தவறாமல் பயிற்சிக்குப் போகிறவர்கள் நம்மிடம் ரொம்பக் குறைவு. டென்மார்க்கில் விளையாட்டு என்று பேச்செடுத்தால் அந்தச் சந்தா கட்டுகிறவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். தேசிய அணி, கோப்பை, கொடி, கொண்டாட்டம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

ஜட்லாந்து தீபகற்பத்திலோ ஃப்யூன் தீவிலோ ஏதாவது ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேவாலயம், ஒரு சூப்பர்மார்க்கெட், ஒரு பள்ளிக்கூடம், பக்கத்திலேயே ஓர் உள்விளையாட்டு அரங்கம். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற நாட்டில் அந்த அரங்கம்தான் ஊரின் முற்றம். தரையில் பல நிறக் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடும். ஒரு நிறம் ஹேண்ட்பாலுக்கு, ஒன்று பேட்மிண்டனுக்கு, ஒன்று வாலிபாலுக்கு. சாயங்காலம் குழந்தைகளின் ஜிம்னாஸ்டிக்ஸ், அப்புறம் பதின்வயதினரின் ஹேண்ட்பால், இரவு எட்டு மணிக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்களின் பேட்மிண்டன் என்று நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதை நடத்துவது பள்ளியும் இல்லை, தனியார் அகாடமியும் இல்லை. 'ஃபோரெனிங்' என்று அவர்கள் சொல்கிற சங்கம். அதற்கு உறுப்பினர்கள் உண்டு, சந்தா உண்டு, ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம் உண்டு, அதில் தேர்ந்தெடுக்கப்படும் தலைவரும் பொருளாளரும் உண்டு. சிறுவர் அணியின் பயிற்சியாளர் பெரும்பாலும் அணியில் ஆடும் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். சம்பளம் கிடையாது.

நம்மூரில் திறமையுள்ள பிள்ளையைப் பள்ளி அணியும் மாவட்டப் போட்டியும் கண்டுபிடிக்கும். அங்கே பள்ளியில் உடற்கல்வி வகுப்பு உண்டு, ஆனால் போட்டி விளையாட்டின் வீடு பள்ளி அல்ல, சங்கம். அதற்கு ஏற்றபடி சட்டமும் இருக்கிறது. உள்ளாட்சிகள் தங்கள் அரங்கங்களையும் மைதானங்களையும் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ சங்கங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட உறுப்பினர்களுக்காக மானியமும் தர வேண்டும். மேல்மட்டச் சம்மேளனங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அரசின் லாட்டரி, பந்தய நிறுவனமான டான்ஸ்கே ஸ்பில்லின் லாபத்திலிருந்து. 1949-இல் கால்பந்து முடிவுகளை ஊகிக்கும் 'டிப்ஸ்' சீட்டோடு தொடங்கிய ஏற்பாடு அது. சூதாட்டக் காசில் பிள்ளைகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் நடப்பதைப் பற்றி அங்கே பெரிதாக யாரும் முகம் சுளிப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் வினோதமாகத்தான் படுகிறது.

புதிதாக டென்மார்க்கில் குடியேறுகிற யாருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, "ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள்" என்பதுதான். வேலையிடத்தில் சட்டென்று நெருங்காத மனிதர்கள் ஹாலில் பேச ஆரம்பிப்பார்கள். 1980-களிலிருந்து அகதிகளாகப் போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களில் பலர் குடியமர்ந்தது கோபன்ஹேகனில் அல்ல. ஹெர்னிங், பிராண்டே போன்ற நடு ஜட்லாந்து ஊர்களில். ஹெர்னிங்கில் சித்தி விநாயகர் கோவிலும் பிராண்டேயில் அபிராமி அம்மன் கோவிலும் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதே வட்டாரம்தான் ஹேண்ட்பாலுக்கும் கால்பந்துக்கும் பேர்போன வட்டாரம். ஈக்காஸ்ட், ஹெர்னிங் ஊர்களின் கிளப்புகள் 1999-இல் ஒன்றுசேர்ந்து உருவான எஃப்.சி. மிட்யுலன் பலமுறை நாட்டின் சாம்பியனாகியிருக்கிறது.

சரி, இந்தச் சங்கப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு 19-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். ஃபிரான்ஸ் நாக்டகால் என்பவர் 1799-இல் கோபன்ஹேகனில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறந்தார். 1804-இல் ராணுவத்துக்கான பயிற்சி நிறுவனம் வந்தது. 1814-இன் பள்ளிச் சட்டம் ஆண் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸைப் பாடமாக்கியது. ஐரோப்பாவிலேயே முதலில் இதைச் செய்த நாடுகளில் டென்மார்க் ஒன்று. 1861-இல் ஊரூராகத் துப்பாக்கிச் சுடும் சங்கங்கள் முளைத்தன. நோக்கம் நாட்டைக் காப்பது. ஆனால் 1864-இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்தது டென்மார்க். வெளியே இழந்ததை உள்ளே ஈட்டுவோம் என்ற வாசகம் அந்தத் தலைமுறையின் நாடித்துடிப்பாகவே ஆனது. தரிசு நிலத்தைத் திருத்தினார்கள், கூட்டுறவுப் பால்பண்ணைகள் அமைத்தார்கள், பாதிரியார் குருண்ட்விக்கின் சிந்தனையில் பிறந்த மக்கள் உயர்பள்ளிகளை ஊரெங்கும் திறந்தார்கள். தேர்வும் சான்றிதழும் இல்லாத அந்தப் பள்ளிகளில் விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் வரலாறு கேட்டார்கள், சேர்ந்து பாடினார்கள், உடற்பயிற்சி செய்தார்கள்.

அந்த உடற்பயிற்சியிலும் அரசியல் இருந்தது. ராணுவ அதிகாரிகள் கற்றுக்கொடுத்த பழைய முறையை விட்டுவிட்டு, ஸ்வீடன்காரர் லிங் வகுத்த முறையை விவசாயிகள் 1880-களில் எடுத்துக்கொண்டார்கள். வலதுசாரி அரசோடு அவர்களின் கட்சி மோதிக்கொண்டிருந்த காலம் அது. எந்த முறையில் கையைத் தூக்குகிறாய் என்பதே நீ எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடும். 1884-இல் வலகில்டே உயர்பள்ளியில் இதற்கென்றே ஒரு பயிற்சிக் கூடம் எழுந்தது. கட்டியவர் மார்ட்டின் நியூரப் என்ற கட்டடக் கலைஞர். பின்னாளில் கோபன்ஹேகன் நகரமன்றத்தைக் கட்டியவரும் அவரே. இன்று ஹேண்ட்பால் உலகக் கோப்பை வென்ற வீரர்கள் நின்று கையசைப்பது அந்த நகரமன்றத்தின் பால்கனியில்தான்.

இதே சமயத்தில் நகரங்களில் இன்னொரு ஓட்டம். ஆங்கிலேயர்களிடமிருந்து கால்பந்தும் கிரிக்கெட்டும் டென்னிஸும் வந்தன. 1876-இல் தொடங்கிய கே.பி. எனும் கோபன்ஹேகன் கிளப் ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்று. கால்பந்துச் சங்கமான டி.பி.யு. 1889-இல் பிறந்தது, தேசிய விளையாட்டுச் சம்மேளனம் டி.ஐ.எஃப். 1896-இல். இவர்களுக்குப் போட்டியும் வெற்றியும் முக்கியம். கிராமத்து ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களுக்கோ எல்லாரும் சேர்ந்து செய்வதுதான் முக்கியம். ஒருவன் மட்டும் முன்னால் ஓடுவது அவர்களுக்குச் சற்று அநாகரிகம். இந்தப் பிளவு இன்றும் தொடர்கிறது. கிராம மரபின் வாரிசுகள் 1992-இல் ஒன்றாகி டி.ஜி.ஐ. ஆனார்கள், டி.ஐ.எஃப்-ஓடு பலமுறை இணைப்புப் பேச்சு நடந்தும் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. டி.ஜி.ஐ. சில ஆண்டுகளுக்கொருமுறை நடத்தும் 'லான்ஸ்ஸ்டெவ்னெ' என்ற பெருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் திரள்வார்கள். பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஒரே தாளத்துக்கு அசைவார்கள். பரிசு யாருக்கும் இல்லை. எதிரணி இல்லாத இந்த விழாவை வெளிநாட்டுப் பத்திரிகைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் டேனிஷ் விளையாட்டின் உள்முகம் இதில்தான் தெரியும்.

ஆனால் ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. 1920-இல் ஓலரப்பில் ஜிம்னாஸ்டிக்ஸ் உயர்பள்ளி தொடங்கி, தன் குழுவோடு ஜப்பான் வரை போய் உலகப் புகழ் பெற்றவர் நீல்ஸ் பூக். நாஜி ஜெர்மனியின் மீது வெளிப்படையான அபிமானம் வைத்திருந்தவரும் அவரே. வரிசையாக நின்று ஒரே மாதிரி அசையும் உடல்களின் அழகு எந்தக் கொடிக்கும் சேவகம் செய்யும் என்பதை அந்தத் தலைமுறை நேரில் பார்த்தது. ஓலரப் பள்ளி இன்றும் நடக்கிறது.

இனி கால்பந்து. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 17-1 என்று நொறுக்கிய அணி டென்மார்க். சோஃபுஸ் நீல்சன் ஒருவரே பத்து கோல். வெள்ளி வென்ற அந்த அணியில் ஹரால்ட் போர் என்ற கணித மாணவரும் இருந்தார். இயற்பியல் மேதை நீல்ஸ் போரின் தம்பி. அண்ணனும் கிளப் அளவில் கோல்கீப்பராக ஆடியவர்தான். இத்தனை நல்ல தொடக்கம் இருந்தும் பிறகு ஏன் தேங்கினார்கள்? காசு வாங்கி ஆடுவது கூடாது என்ற கொள்கைதான் காரணம். உள்நாட்டில் தொழில்முறைக் கால்பந்துக்கு அனுமதி கிடைத்ததே 1978-இல். அதற்கு முந்தைய வருடம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய ஆலன் சிமோன்சன் ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்தார்.

1979-இல் ஜெர்மானியர் செப் பியோன்டெக் பயிற்சியாளராக வந்ததும் காட்சி மாறியது. 1984 ஐரோப்பியக் கோப்பையில் அரையிறுதி, 1986 உலகக் கோப்பையில் உருகுவேயை 6-1, மேற்கு ஜெர்மனியை 2-0, அப்புறம் ஸ்பெயினிடம் 1-5 என்ற சோகமான தோல்வி. கோப்பை வெல்லாத அந்த அணியைப் பற்றி இன்றும் உருகிப் பேசுவார்கள். ரசிகர்களும் அப்போதுதான் தங்களுக்கென்று ஓர் உருவம் செய்துகொண்டார்கள். இங்கிலாந்து ரசிகர்களின் அடிதடி ஐரோப்பாவையே அச்சுறுத்திய காலத்தில், முகத்தில் சிவப்பு வெள்ளை பூசி, கயிற்றை இழுத்தால் கைதட்டுகிற தொப்பி போட்டு, எதிரணி ரசிகரோடு பீர் குடிக்கும் இவர்கள் தங்களை 'ரோலிகன்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஹூலிகனுக்கு நேர் எதிர். அது தேசிய அணியின் முகம் மட்டும். பிரண்ட்பியூவும் எஃப்.சி. கோபன்ஹேகனும் மோதும் நாளில் மைதானத்தில் புகையும் தீப்பந்தமும் போலீஸ் வண்டிகளும்தான்.

1992 ஐரோப்பியக் கோப்பை பற்றிச் சொல்லாமல் எந்த டேனிஷ்காரரும் உங்களை விடமாட்டார். போர் மூண்ட யூகோஸ்லாவியா மீது ஐ.நா. தடை விதித்ததால், தகுதிச் சுற்றில் அடுத்த இடத்தில் இருந்த டென்மார்க்குக் கடைசி நேரத்தில் அழைப்பு வந்தது. பயிற்சியாளர் ரிச்சர்ட் மெல்லர் நீல்சன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க இருந்தார், வீரர்கள் கடற்கரையிலிருந்து ஓடிவந்தார்கள் என்றெல்லாம் கதை. கடற்கரைக் கதையில் கொஞ்சம் மிகை உண்டு. ஒரு நட்பு ஆட்டத்துக்காக அணி ஏற்கெனவே கூடியிருந்தது. எப்படியோ, அரையிறுதியில் நெதர்லாந்தைப் பெனால்ட்டியில் வென்று, ஜூன் 26 அன்று கோத்தன்பர்க்கில் ஜெர்மனியை 2-0 என்று சாய்த்தார்கள். ஜான் ஜென்சன் ஒரு கோல், கிம் வில்ஃபோர்ட் ஒரு கோல். இந்த வெற்றி அவர்கள் மனதில் இவ்வளவு ஆழமாகத் தங்கியதற்கு விளையாட்டுக்கு வெளியே ஒரு காரணம் உண்டு. ஜூன் 2-ஆம் தேதிதான், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு 50.7 சதவீத டேனிஷ் வாக்காளர்கள் 'வேண்டாம்' என்று சொல்லி ஐரோப்பாவையே திகைக்க வைத்திருந்தார்கள். ஒட்டமாட்டேன் என்று விலகி நின்ற குட்டி நாடு, அதே மாதத்தில் ஐரோப்பாவின் சாம்பியன். சேர முடியாவிட்டால் தோற்கடித்துவிடு என்று வெளியுறவு அமைச்சர் ஊஃபே எலமன்-யென்சன் அடித்த ஜோக் அங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

2021 ஜூன் 12 வேறு மாதிரியான நாள். கோபன்ஹேகனின் பார்க்கன் மைதானத்தில் பின்லாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். மருத்துவர்கள் போராடிக்கொண்டிருக்க, கேமராக்களுக்கு முதுகைக் காட்டி, சக வீரர்கள் அவரைச் சுற்றி மனிதச் சுவர் எழுப்பினார்கள். கேப்டன் சைமன் கேயர் எரிக்சனின் துணைவியைத் தேற்றினார். பின்லாந்து ரசிகர்கள் "கிறிஸ்டியன்" என்று குரல் கொடுக்க, டேனிஷ் ரசிகர்கள் "எரிக்சன்" என்று முடித்தார்கள். அன்றிரவே ஆட்டத்தைத் தொடர வைத்தது சரியா என்ற கோபம் பிறகு எழுந்தது; நியாயமான கோபம். அந்தத் தொடரில் அரையிறுதி வரை போனார்கள். எரிக்சன் மார்பில் கருவி பொருத்திக்கொண்டு அடுத்த வருடமே திரும்ப ஆட வந்தார்.

ஹேண்ட்பால்தான் எனக்குப் பிடித்த அத்தியாயம். ஏழு பேர் அணி, உள்ளரங்கம், கையால் எறிந்து கோல் போடுவது. ஓர்ட்ரப் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஹோல்கர் நீல்சன் 1898-இல் மாணவர்களுக்காக வகுத்து, 1906-இல் விதிகளை அச்சிட்டார். கால்பந்து சன்னல்களை உடைத்ததால் இப்படி மாற்றினார் என்றொரு கதையும் உண்டு. இன்றைய ஆட்டத்தில் ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் பங்கு உண்டு என்றாலும், டேனிஷ்காரர்கள் இதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்க்கிறார்கள். வருடத்தின் மிக இருண்ட மாதமான ஜனவரியில் ஆண்கள் உலகக் கோப்பையோ ஐரோப்பியக் கோப்பையோ வரும். குடும்பம் குடும்பமாக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். 2019, 2021, 2023, 2025 என்று நான்கு உலகக் கோப்பைகள் தொடர்ச்சியாக. இதற்கு முன் எந்த நாடும் செய்யாதது. 2019 இறுதி ஆட்டம் நடந்தது ஹெர்னிங்கில். நார்வேயை 31-22 என்று வென்றார்கள். 2016, 2024 ஒலிம்பிக் தங்கமும் அவர்களுக்கே. வென்று திரும்பியதும் நகரமன்றத்தில் வரவேற்பு, தட்டில் நகரமன்றத்துக்கே உரிய பான்கேக். மன்னர் வந்தாலும் மேயர் வந்தாலும் அந்தப் பான்கேக் மாறாது. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஹேண்ட்பாலை உயிராக நினைக்கும் நாடுகள் உலகில் அதிகமில்லை. இந்த ஆதிக்கத்தைக் கால்பந்து உலகக் கோப்பையோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

ஹேண்ட்பாலைப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனவர்கள் பெண்கள். 1996, 2000, 2004 ஒலிம்பிக் தங்கம் மூன்றும் டேனிஷ் பெண்கள் அணிக்குத்தான். 1990-களில் ஆன்யா ஆண்டர்சன் அந்த நாட்டின் மிகப் பிரபலமான விளையாட்டு முகங்களில் ஒருவர். கால்பந்தில் பெண்களின் பாதை இத்தனை சுலபமாக இல்லை. 1971-இல் மெக்சிகோவில் நடந்த அதிகாரபூர்வமற்ற உலகக் கோப்பையில், ஆஸ்டெக்கா மைதானத்தில் சுமார் 1,10,000 பேர் முன்னிலையில் மெக்சிகோவை 3-0 என்று வென்றது டென்மார்க். மூன்று கோலையும் அடித்த சுசான் அகஸ்டசனுக்கு வயது 15. அப்போது டி.பி.யு. பெண்கள் கால்பந்தை ஏற்றுக்கொண்டிருக்கவே இல்லை, ஏற்றது 1972-இல். 2017-இல் ஐரோப்பிய இறுதிவரை போன பெண்கள் அணி, அதே ஆண்டு ஊதியத் தகராறில் ஸ்வீடனுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தையே ஆடாமல் நின்றது. சமத்துவ நாடு என்ற பெயர் வேறு, சம்பளப் பேச்சு வேறு.

சைக்கிள் அங்கே முதலில் போக்குவரத்து. பள்ளிக்கும் ஆபீசுக்கும் மழையில்கூட அதில்தான் போவார்கள். பந்தயம் என்பது தனிப் பித்து. ஜூலை வந்தால் டூர் டி பிரான்ஸ். கவிஞரும் திரைப்பட இயக்குநருமான யோர்ன் லெத் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் அதற்கு வர்ணனை சொன்னார், மலையையும் கோட்டையையும் வீரரின் வேதனையையும் சேர்த்து. 1996-இல் பியார்னே ரீஸ் வென்றபோது நாடே கொண்டாடியது. 2007-இல் ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டபோது பலருக்கு அது சொந்த வீட்டுத் துக்கம். 2022-இல் டூர் கோபன்ஹேகனில் தொடங்கியது. சாலையோரம் முழுக்க ஜனம். நாட்டின் மிக உயரமான இயற்கை இடமே சுமார் 171 மீட்டர்தான். அந்தக் குட்டி மேடுகளில் மாக்னுஸ் கோர்ட் மலையேற்றப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, மலையேற்றத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான புள்ளிபோட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சவாரி செய்ததைக் கூட்டம் சிரித்துக்கொண்டே கொண்டாடியது. அதே ஆண்டு யோனாஸ் விங்ககோர் பட்டம் வென்றார், 2023-இலும் அவரே. வட ஜட்லாந்தின் ஹில்லர்ஸ்லெவ் என்ற சிற்றூர்க்காரர். முன்பு ஹான்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்தில் மீன் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தவர்.

பேட்மிண்டன் நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. 1996-இல் பவுல்-எரிக் ஹோயர் ஒலிம்பிக் தங்கம், 2016-இல் ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பை (ஆசியாவுக்கு வெளியே முதல் முறை), டோக்கியோவிலும் பாரிஸிலும் விக்டர் ஆக்சல்சன் தங்கம். பாரிஸ் அரையிறுதியில் லக்ஷ்யா சென் தோற்றது அவரிடம்தான். 1980-களில் பிரகாஷ் படுகோன் டென்மார்க்கில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். அந்த ஹால்களில்தான் ஐரோப்பாவின் பலம் இருந்தது.

பதக்கங்களின் ரகசியம் கேட்டால், அடித்தளம் அகலம் என்பது பாதி. மறுபாதி, 1984-இல் சட்டம் போட்டு அமைத்த 'டீம் டான்மார்க்'. உச்சநிலை வீரர்களை வளர்க்க வேண்டும், ஆனால் சமூகப் பொறுப்போடு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. படிப்பைத் தொலைத்துவிட்டுப் பதக்கம் வேண்டாம் என்பது அதன் உள்ளர்த்தம். இந்த ஏற்பாடு எல்லாருக்கும் பொருந்துவதில்லை. ஆக்சல்சனே 2021-இல் தேசியப் பயிற்சி மையத்தை விட்டு துபாய்க்குக் குடிபோனார். யாந்தே சட்டம், அதாவது தன்னை உயர்வாக நினைத்துக்கொள்ளாதே என்ற மனப்பான்மை, வீரர்களைத் துரத்துகிறது என்று சிலர் சொல்வார்கள். டென்மார்க்கில் எதைக் கேட்டாலும் இந்த ஒரு விளக்கத்தைத் தூக்கிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை.

சங்கங்களுக்கு உண்மையான நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பெரியவர்கள் ஃபிட்னஸ் சென்டருக்கு மாதக் கட்டணம் கட்டுகிறார்கள், தனியாக ஓடுகிறார்கள், டென்னிஸ் மாதிரியான பேடல் ஆட்டத்துக்கு மைதானத்தை ஆப்பில் புக் செய்கிறார்கள். பொதுக்கூட்டத்துக்குப் போகவும் வேண்டாம், கேக் சுடவும் வேண்டாம், யாருடைய பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டாம். பதின்வயதில் பிள்ளைகள் சங்கத்தை விட்டுப் போவதும் பழைய கவலை. இதனால்தான் எப்போதும் உரசிக்கொள்ளும் டி.ஐ.எஃப்-உம் டி.ஜி.ஐ-யும் கைகோத்து, 2025-க்குள் மக்கள்தொகையில் பாதிப் பேரைச் சங்க விளையாட்டுக்குள் கொண்டுவருவது என்று ஓர் இலக்கு வைத்தன. நூற்றைம்பது வருட வழக்கத்தைக் காப்பாற்ற ஒரு நாடு பிரசாரம் நடத்த வேண்டியதாயிற்று.